இரத்தாம்பரக் கல்

எகிப்து நாட்டிலே நைல் ஆற்றிற்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பினைக் கீழைப் பாலை என்பர். அப்பாலையில், கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டதொரு மலைத்தொடர் கிடக்கின்றது. ஆங்கு மரச்செறிவில்லை, பசும்புல்லில்லை, வெறுங்கல்லே வானளாவி நிற்கின்றது. அத்தொடரின் வடபாகத்தில் 1,661 மீட்டர் உயரமுள்ள கொடுமுடி ஒன்றினை அந்நாட்டு அரபியர் ஜெபல் அபூ துக்கான் என வழங்குவர். துக்கான் என்னும் அரபுச்சொல் புகையெனப் பொருள்படும். ஆகலின் அதனை யாம் ஈண்டுப் புகை மலை எனவே கூறுவோம்.

இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே, அஃதோர் எரிமலையாதல் வேண்டும் என்றும், பண்டு எரிந்து பின் அணைந்திருத்தல் கூடும் என்றும் பலர் கருதுவர். எம் நண்பருள்ளும் சிலர் அங்ஙனமே துணிந்து கூறினர். ஆயின் அம்மலையின் உச்சியில் எரிவாய் இல்லை. கூம்பிய வடிவும் இல்லை. வெந்நீரூற்றும் கந்தகப் புகையும் இல்லை. மக்கள் என்பார் இவ்வுலகில் தோன்றிய நாள்தொட்டு அம்மலை ஒருகாலும் தீக்கக்கியதில்லை. எனினும் அதன் பாறை எரிமலையிற் பிறந்த பாறையே என்பதில் ஐயம் சிறிதுமில்லை. பெற்ற எரிமலை எங்கே போயிற்று? அஃது ஈன்ற பாறை மட்டும் பாலைவனத்து நடுவே மலையாய் நிற்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரைக்குப் பொருளாவன.

முதற்கண் அக்கல்லைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஊதா நிறப் பரப்பிலே அரிசி நொய்யைத் தூவினாற்போன்று வெண்மையும் இளஞ்சிவப்புமாகிய சிறு புள்ளிகள் நிறைந்திருப்பது அது. கிரேக்க மொழியில் ஊதாச் சாயத்திற்குப் போர்ஃபிரா என்று பெயர். தமிழ் வேதாகமத்தில் இரத்தாம்பரம் என மொழிபெயர்க்கப்பட்டிருப்பது அச்சாயம் தோய்ந்த ஆடையேயாம். அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் லீதியாள் விற்ற சரக்கும் அதுவே. சாயத்தின் பெயரே கல்லிற்கும் ஆகி, போர்ஃபிரி என வழங்கலாயிற்று. இரத்தாம்பரக் கல் என யாம் தலைப்பிட்டது இது கருதியே. ஊதா உரோமப் பேரரசர்க்கு உரிய நிறமாதலின், அந்நிறம் வாய்ந்த கல்லும் அரசுரிமைப் பொருளாயிற்று.

கி.பி. 18-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாளிட்ட கிரேக்கக் கல்வெட்டொன்று அம்மலையிலேயே கிடைத்துள்ளது. கேயஸ் கோமினியஸ் லூகஸ் என்பான் இக்கல்லையும், கரிய கல், பலநிறக் கல் முதலியவற்றையும் தான் கண்டுபிடித்ததாகவும், தன் மக்களின் நலங்கருதிப் பான், செராப்பிஸ் என்னும் தெய்வங்கட்குக் கோயில் எடுத்ததாகவும் அதிற் பொறித்துள்ளான். அன்று தொட்டு ஐந்தாம் நூற்றாண்டளவும் அங்கே கல் வெட்டினர். கான்ஸ்டன்டைன் பேரரசன் கி.பி. 330-இல் தன் புதுநகரில் நிறுவிய தூணும், அவன் தாயாகிய ஹெலெனாளின் உடல் வைத்த பேழையும் இக்கல்லால் ஆனவையே. தூண் இன்றும் இஸ்தான்புல்லில் நிற்கின்றது. பேழை வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெனிஸ் நகரத்து மாற்கு ஆலயத்தின் மூலையில் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் நான்கு அரசர் உருவங்களும் இக்கல்லே. இவை அனைத்திற்கும் உலகில் ஊற்றுக்கண் அந்த ஒரே மலைதான். வெட்டுதல் நின்றபின் புதுக்கல் கிடைத்திலது. ஆகவே இடைக்காலத்து உரோமர் பழந்தூண்களை வாழைத்தண்டு நறுக்குமாப்போல் வட்ட வட்டமாக அறுத்துத் தம் ஆலயத் தரைகளிற் பதித்தனர். மலை இருந்த இடமும் ஐரோப்பியர்க்கு மறந்துபோயிற்று. 1823-ஆம் ஆண்டளவில் வில்கின்சன், பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இருவர் அதனை மீளக் கண்டனர்.

இனி அக்கல் பிறந்த வரலாற்றிற்குச் செல்வோம். அது மிகப் பழையது. இன்றைக்கு 80 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இப்பொழுது செங்கடல் மலைகள் உள்ள இடத்தில் நிலமே இல்லை, பெருங்கடல் இருந்தது. அதனை மொசாம்பிக்குப் பெருங்கடல் என இக்கால அறிஞர் பெயரிட்டுள்ளனர். அக்கடலின் தரை சில இடங்களிற் பிளந்து, உள்ளிருந்த கற்குழம்பு நீருள்ளேயே வெளிப்பட்டது. குளிர்ந்த நீரிற் பட்டவுடன் அக்குழம்பின் மேற்புறம் தோல்போல் உறைய, உட்புறம் உந்தித் தள்ள, தலையணைகளை அடுக்கியது போன்ற வடிவம் உண்டாகும். நைற்கரையிலுள்ள குஃப்து நகரினின்று கடற்கரைக் குசைருக்குச் செல்லும் பாலைவழியின் இருமருங்கும் இத்தலையணைப் பாறைகளை இன்றும் காணலாம். நீர் ஒருதுளியும் இல்லாத மலைச்சரிவில் கடலடித் தரை செங்குத்தாய் நிற்பது வியப்பன்றோ! அவ்வழியிலுள்ள ஃபவாக்கீர் என்னுமிடத்துக் கடற்றரைப் பாறைக்கு அறிஞர் கணித்த அகவை ஏறத்தாழ 74 கோடி ஆண்டு.

கடற்றரை என்றும் ஓரிடத்தே நிற்பதன்று. ஒரு பலகை மற்றொரு பலகையின் கீழ் நழுவுவதுபோல, அஃது ஓரத்தில் வளைந்து பூமியின் உள்ளே அமிழும். அமிழுங்கால் தன்னோடு நீரையும் கொண்டுசெல்லும். ஆழத்திலுள்ள பாறை வெப்பம் மிக்கதாயினும் மேலுள்ள பாரத்தால் உருகாது இறுகியிருப்பது. அதனோடு நீர் கலந்தவுடன் உருகத் தொடங்கும். உப்பிட்ட பனிக்கட்டி விரைந்து உருகுவதை இதற்கு ஒருவாறு ஒப்புக் கூறலாம். அங்ஙனம் உருகிய குழம்பு மேலெழுந்து கடல்நடுவே எரிமலைத் தீவுகளை வரிசையாக எழுப்பிற்று. இன்றைய ஜப்பான், பிலிப்பைன் தீவுகளைப் போன்றன அவை. காலம் செல்லச்செல்லக் கடல் சுருங்கியது; தீவு வரிசைகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன; முடிவில் கிழக்கிலும் மேற்கிலுமிருந்த பெருநிலங்கள் நெருங்கி, இடைப்பட்ட அனைத்தையும் நசுக்கி மடித்து ஒரே கண்டமாக்கின. இதுவே கோண்டுவானாக் கண்டம் உருவான வரலாற்றின் ஒரு பகுதி. அக்கண்டத்தில் நம் தென்னிந்தியாவும் ஓர் உறுப்பாயிருந்தது.

புகை மலையின் பாறை இம்மோதல் பெரும்பாலும் ஓய்ந்த பின்னர்த் தோன்றியது. தடித்துப்போன நிலத்தோடு இளகத் தொடங்க, ஆங்காங்கு வெடிப்புகள் விட்டன. அவற்றின் வழியே புதிய கற்குழம்பு மேலேறிற்று. இன்றைக்கு 63 கோடி ஆண்டு முதல் 59 கோடி ஆண்டு வரையில் இவ்வெழுச்சி நடந்தது. கடலடியிலன்றி நிலத்தின்மேல் நிகழ்ந்தமையின் இதன் போக்கு வேறாயிருந்தது. சிலபொழுது குழம்பு தடித்த கூழ்போல் வழிந்து ஆண்டிசைட்டு என்னும் பாறையாயிற்று. சிலபொழுது மணற்சத்து மிகுந்து பிசின்போல் இறுகி வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே அடைபட்ட ஆவி தாங்காது வெடித்து, சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த நெருப்பு மேகங்களாக மலைச்சரிவில் உருண்டோடிற்று. அச்சாம்பல் படிந்த இடத்தே தன் சூட்டினாலேயே மீண்டும் உருகி ஒட்டிக் கல்லாய்விடும். புகை மலையைச் சூழ்ந்த பகுதிகளில் இத்தகைய சாம்பற்கற்கள் அடுக்கடுக்காய் உள. உற்று நோக்கின், நசுங்கித் தட்டையான நுரைக்கற்கள் தீநாக்கு வடிவில் அவற்றினுள்ளே கிடப்பதைக் காணலாம். அக்காலத்தே இக்காட்சியைக் காணக் கண்பெற்ற உயிர் நிலத்தின்மேல் ஒன்றுமில்லை. மரமும் புல்லும் தோன்றப் பலகோடி ஆண்டுகள் இருந்தன.

இரத்தாம்பரக் கல்லின் புள்ளிகள் தோன்றியது எங்ஙனம் என்பதையும் இங்கே கூறிவிடலாம். கற்குழம்பு பூமியின் உள்ளே ஓரிடத்தில் தேங்கி மெல்லமெல்லக் குளிரும்போது, பெல்ஸ்பார் என்னும் கனிமம் முதலிற் பளிங்குகளாய்த் திரளும். பாகு ஆறும்பொழுது கற்கண்டு கட்டுவதனோடு இதனை ஒப்பிடலாம். மெல்ல ஆறினால் பெருங்கட்டி, விரைந்து ஆறினால் பொடி. பளிங்குகள் ஓரளவு வளர்ந்த நிலையில் குழம்பு திடீரென மேலேறி நிலப்பரப்பை அடுத்து வந்துவிட்டால், எஞ்சிய குழம்பு விரைந்து உறைந்து கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாகும். முன்னே திரண்டவை அதனுட் புள்ளிகளாய்ப் பதிந்து கிடக்கும். எனவே ஒரு துண்டுக் கல்லைக் கையிலெடுத்து நோக்கினால், அது முதலில் மெல்லவும் பின்னர் விரைந்தும் ஆறிய இருவகைக் காலமும் அதிலே எழுதப்பட்டிருத்தல் காணலாம்.

நிறமோ பிறவியில் வந்ததன்று. அம்மலையின் பெரும்பகுதி கரும்பச்சையும் சாம்பல் நிறமுமான பாறையே. ஊதாக்கல் சிற்சில இடங்களில் மட்டும், அதுவும் உயர்ந்த சிகரங்களை அடுத்தே காணப்படும். குழம்பு உறைந்த பின்னரும் அடியிலிருந்த வெப்பம் நெடுங்காலம் ஓயவில்லை. சூடேறிய நீர் வெடிப்புகளின் வழியே பாறையுள் ஊறிச் சென்றது. அந்நீர் பாறையிலிருந்த இரும்பினைத் துருவேற்றி ஹெமடைட்டு என்னும் செந்நிறப் பொடியாக்கிற்று. மாங்கனீசு என்னும் உலோகம் கலந்த பீமாண்டைட்டு என்னும் இளஞ்சிவப்புக் கனிமத்தையும் தோற்றுவித்தது. இவ்விரண்டும் கலந்த நிறமே ஊதா. நீர் அதிகம் ஊறாத இடத்தில் பாறை பழைய நிறத்திலேயே நின்றுவிட்டது. அரசர்கள் தங்கள் உயர்வுக்கு அறிகுறியாகக் கொண்ட அந்நிறம், ஆராய்ந்து பார்க்குங்கால், ஒருவகைத் துருவென்றே முடிகின்றது.

'60 கோடி ஆண்டு என்று எண்ணிப் பார்த்தவர் யார்?' என்று வினவுவார் உளராதலின், கணக்கு முறையையும் சுருங்கக் கூறுவோம். இத்தகைய பாறைகள் பலவற்றில் சிர்க்கான் என்னும் மணல்போன்ற நுண்மணிகள் உண்டு. அவை உருவாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு தம்முள் ஏற்கும். ஈயத்தையோ ஏறக்குறைய முற்றும் விலக்கிவிடும். யுரேனியம் தானே சிதைந்து ஈயமாக மாறுவது. ஆகவே பின்னாளில் அம்மணியினுள் காணும் ஈயம் அங்கேயே பிறந்ததாதல் வேண்டும். யுரேனியத்தில் இருவகையுண்டு. 238 என்னும் எண்ணுடையது பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். 235 என்னும் எண்ணுடையதற்கு 70 கோடி ஆண்டே போதும். 60 கோடி ஆண்டு அகவையுள்ள ஒரு மணியில் முன்னது நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கும், பின்னது நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கும் சிதைந்திருக்கும். ஒரே மணியினுள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் அகவையை நம்பலாம். காட்டாவிடின், மணி இடையில் எங்கேனும் சூடுபட்டோ சிதைந்தோ போயிற்றென அறியலாம். சாட்சிகள் இருவரையும் தனித்தனியே விசாரித்து ஒத்துப்பார்க்கும் நீதிமன்ற முறை போன்றது இது.

இவ்விடத்திற் சொல்லாட்சி பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய பொருளை எழுதத் தமிழிற் சொற்கள் இல்லையென்று சிலர் குறைகூறுவர். ஆண்டிசைட்டு, சிர்க்கான் முதலியன பெயர்களே. பிறமொழிகளும் அவற்றை அங்ஙனமே எடுத்துக்கொண்டன. அவற்றை நாமும் எடுத்தாள்வதில் இழுக்கில்லை. ஆயின் உருகுதல், உறைதல், ஊறுதல், மடிதல், நசுங்குதல், படிதல் ஆகிய வினைகளே இக்கல்வியின் உயிர்நிலை. அவற்றிற்கு நம் மொழியில் ஒருநாளும் பஞ்சமில்லை என்பது எழுதப் புகுந்த எமக்குத் தெளிவாயிற்று.

எரிமலைகள் எழும்பிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் அழிவும் தொடங்கிற்று. மழை அவற்றை அரித்தது. வெள்ளம் கூழாங்கற்களையும் மணலையும் வண்டலையும் பள்ளங்களிற் கொண்டுபோய்க் குவித்தது. அக்குவியல் இறுகிய பாறைக்கு, ஹம்மாமாத்து என்னும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தின் பெயரை இட்டுள்ளனர். அதிலுள்ள உருண்டைக் கற்களை உடைத்துப் பார்ப்பின் அவற்றுட் பல புகை மலைக் குடும்பத்து எரிமலைக் கற்களாயிருக்கும். எரிமலை எங்கே போயிற்று என்னும் முதல் வினாவிற்கு ஒரு பாதி விடை இதுவே: அதன் கூம்பும் எரிவாயும் பொடியாகி, அண்டையிலுள்ள பள்ளங்களிற் படிந்து வேறு கல்லாயின. அதே காலத்தை அடுத்துச் செந்நிறக் கருங்கற் குழம்பு பல இடங்களில் அடியினின்று மேலேறி, நிலத்தின்மேல் வெளிப்படாது உள்ளேயே உறைந்தது. சீனாய்க் குறைநாட்டிலும் இவ்வினத்து எரிமலைப் பாறைகளும் செந்நிறக் கருங்கல்லும் அடுத்தடுத்துள்ளன. மோசேயின் மலையென மரபாக வழங்கும் ஜெபல் மூசாவின் அயலில், 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெபல் காத்தரீன் உச்சியில் இருப்பது எரிமலைப் பாறையே.

ஹம்மாமாத்துப் பள்ளத்தைக் குறித்தோம். உலகிலுள்ள நிலவியற் படங்களுள் மிகப் பழையது அவ்விடத்தைப் பற்றியதே. கி.மு. 1150 அளவில் நான்காம் ராம்சேஸ் மன்னன் அங்கே கல் வெட்டப் பெரும்படை அனுப்பினான். அக்காலத்தே நாணற்றாளில் வரையப்பட்ட படம் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. மலைகள் யாவும் அதில் ஒரே நிறமாயில்லை; சில கருமை, சில இளஞ்சிவப்பு. பொன் விளையும் மலைகளும், வழிகளும், குடியிருப்பும் எழுத்தாற் குறிக்கப்பட்டுள்ளன. 1992-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று அந்நிறங்களை நேரில் நிலத்தோடு ஒத்துப்பார்த்து, அவை பாறை வேறுபாட்டையே குறிக்கின்றன என நிறுவிற்று. மூவாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எழுத்தன் ஒருவன் கல்லின் நிறமறிந்து மலையைப் பகுத்தான் என்பது எம்மைப் பெரிதும் ஈர்த்த செய்தி. அப்படையிற் சென்றோர் எண்ணாயிரத்திற்கு மேற்பட்டவர் என்றும், 900 பேர் இறந்தனர் என்றும் அம்மன்னனின் கல்வெட்டே கூறும்.

நிற்க. எரிமலைகள் அரிபட்டுத் தேய்ந்து, நாளடைவில் அந்நாடு முழுதும் ஏறத்தாழச் சமதரையாயிற்று. அதன்மேல் ஆற்றுமணல் படிந்து நூபியா மணற்கல்லாயிற்று. பின்னர்க் கடல் ஏறிச் சுண்ணாம்புக்கல்லைப் படிவித்தது. நம் புகை மலைப் பாறை பன்னூறு இலட்சம் ஆண்டுகள் மண்ணுள் மறைந்து கிடந்தது. அதனை வெளிக்கொணர்ந்தது செங்கடலே. இன்றைக்கு 3 கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தொடங்கி அரேபியா ஆப்பிரிக்காவினின்று பிரியலாயிற்று. நிலம் நடுவே கிழிந்து தாழ, இருகரைகளும் மேல்நோக்கி உயர்ந்தன. உயர்ந்த கரைகளின் மேலிருந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அரிபட்டு நீங்க, அடியிலிருந்த பழம்பாறை வெளியே தலைநீட்டிற்று. அப்பிரிவு இன்னும் முடிந்தபாடில்லை. ஆண்டுதோறும் ஒரு சென்டிமீட்டர் அளவில் கடல் அகன்றுகொண்டேயிருக்கின்றது. ஒரே பாறைக்குலம் எகிப்திலும் சூடானிலும் ஒருபுறமும் அரேபியாவில் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதன் காரணம் இது. எனவே கல்லின் அகவை வேறு, மலையின் அகவை வேறு. 60 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த கல்லால் ஆகிய அம்மலை, மலை என்ற அளவில் 3 கோடி ஆண்டும் நிரம்பாத இளையது. பழங்கல்லால் எடுத்த புதுவீடு என்பது பொருந்தும்.

பாலையின் அகவையோ இன்னும் வேறு. குறிஞ்சியும் முல்லையும் மழைவளம் கரந்து தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிற் பயின்றுள்ளோம். அது கவிமரபு மட்டுமன்று என்பதற்கு ஆப்பிரிக்காவின் வடபால் சான்றாகின்றது. சகாரா முழுதும் ஏறத்தாழ 11,000 ஆண்டு முதல் 5,000 ஆண்டு முன்பு வரையில் புல்லும் ஏரியும் நிறைந்திருந்தது. பின்னர் மழைக்காற்று தெற்கே ஒதுங்க நிலம் வறண்டது. அதற்கு முன்னும் பன்முறை இங்ஙனம் வறட்சியும் செழிப்பும் மாறிமாறி வந்துள்ளன. செங்கடல் மலைகளின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் இன்றைய அற்பமழையால் மட்டும் வெட்டப்பட்டவையல்ல. முன்னைச் செழிப்புக்காலத்து வெள்ளங்களுக்கும் அவற்றிற் பெரும்பங்குண்டு.

வறண்ட இக்காலத்தில் பாறை எவ்வாறு தேய்கின்றது? பகலில் வெயிலால் விரிந்து, இரவிற் குளிரால் சுருங்கிச் சுருங்கி வெடிக்கின்றது என்று நாம் பள்ளியிலே படித்தோம். கேட்பதற்கு இயல்பாய்த் தோன்றும் இவ்விளக்கம் அத்துணை எளிதில் நிலைபெறவில்லை. 1916-ஆம் ஆண்டு பார்ட்டன் என்பார் எகிப்தின் பழங்கருங்கற் சின்னங்களை ஆராய்ந்து, வெயில் படும் புறத்தினும் நிழலும் ஈரமும் உள்ள புறமே மிகச் சிதைந்திருத்தலைக் காட்டினார். 1936-இல் கிரிக்ஸ் என்பார் மெருகிட்ட கருங்கல் துண்டு ஒன்றை 89,400 முறை சூடேற்றிக் குளிர்வித்தார். 244 ஆண்டுப் பகலிரவுக்கு ஒப்பாகிய அச்சோதனையில், உலர்ந்த காற்றில் ஆற்றிய கல்லில் மாற்றம் ஒன்றும் காணப்படவில்லை. நீர் தெளித்து ஆற்றியபோதோ சிறிது காலத்திலேயே மெருகு கெட்டு வெடிப்புகள் தோன்றின. எனவே பாலைவனத்திலும் பாறையைச் சிதைப்பதில் நீருக்கே, அஃதாவது பனித்துளிக்கும் அது கரைத்துக் கொணரும் உப்பிற்கும், சிறந்த பங்குண்டு எனத் தெளிந்தனர். ஆயினும் வெயிலை முற்றும் விடுதலை செய்தற்கில்லை. ஞாயிறு கிழக்கினின்று மேற்கே செல்லச்செல்லக் கல்லின் ஒருபக்கம் மட்டும் சூடேறுவதால் வடக்குத் தெற்கான வெடிப்புகள் மிகுதியாதலை 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டிற்று. எமக்குத் தோன்றுவது: வெயில் வாயிலைத் திறக்கின்றது, நீரும் உப்பும் உட்புகுகின்றன. இவையேயன்றி, பாறைகளின் மேற்புறத்தே இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்த கரிய மெருகு ஒன்று மிகமிக மெல்லியதாய்ப் படிகின்றது. தொலைவில் நின்று பார்ப்பார்க்கு மலை முழுதும் கருகியதுபோல் தோன்றுதற்கு அது காரணம். நெருப்புக்கும் அதற்கும் உறவில்லை.

இத்தகைய நிலத்திலே மனிதர் வந்து கல் வெட்டினர். சிகரங்களை அடுத்த வெட்டுமிடங்களினின்று கற்களைச் சரிவுப் பாதை வழியாகப் பள்ளத்தில் இறக்கி, வண்டியிலேற்றி, 150 கிலோமீட்டர் அளவு பாலையைக் கடந்து, நைற்கரையிற் கேனா நகரை அடைவித்தனர். அப்பால் ஆறும் கடலும் தாங்கிச் சென்றன. தெற்கே கிளாடியானஸ் மலை என்னும் மற்றொரு வெட்டுமிடத்திற் கிடைத்த ஆயிரக்கணக்கான எழுத்தோடுகளைப் படித்தவர், அங்கே உழைத்தோரிற் பெரும்பாலார் அடிமைகளல்லர், கூலி பெற்ற தொழிலாளரே என்பர். புகை மலையின் கடைக்காலம் வேறுவகையானது. கி.பி. 308 அளவில், தீபஸ் நாட்டு இரத்தாம்பரக் கல் வெட்டுமிடத்திலே விசுவாசத்தை அறிக்கையிட்ட கிறிஸ்தவர் மிகப் பலர் வைக்கப்பட்டிருந்தனர் எனவும், அவர்களுள் 97 பேர் பெண்டிர் பிள்ளைகளோடு பாலஸ்தீனத்து ஆளுநனிடம் அனுப்பப்பட்டனர் எனவும் செசரியாவின் யூசேபியஸ் எழுதிவைத்துள்ளார். இது நிகழ்ந்து ஒரு தலைமுறையும் கழியாமுன், அதே மலைக்கல்லால் ஆகிய தூணின்மேல் கிறிஸ்தவத்தை ஆதரித்த அரசனுடைய உருவம் நின்றது.

தமிழர்க்கும் அம்மலைகட்கும் ஒரு சிறு தொடர்புண்டு. முசிறி முதலிய பட்டினங்களினின்று மிளகேற்றிச் சென்ற கலங்களுட் பல, இன்று பழங்குசைர் என வழங்கும் மியோஸ் ஹார்மோஸ் துறையில் இறக்கின. அங்கிருந்து சரக்கு ஒட்டகங்களின்மேல் ஹம்மாமாத்துப் பள்ளத்தின் வழியே நைலுக்குச் சென்றது. அத்துறையில் நடந்த அகழ்வில், சாதன், கணன் என்னும் பெயர்களைத் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றிற்குரியோர் துறையோடு நின்றனரோ, தலையணைப் பாறைகளுக்கு இடையே நடந்து ஆற்றங்கரைவரை சென்றனரோ, ஓடுகள் சொல்லவில்லை.

1994 முதல் 1998 வரை ஆங்கில அறிஞர் குழுவொன்று புகை மலையின் வெட்டுமிடங்களை முறையாக அகழ்ந்து ஆராய்ந்தது. லூகஸின் கல்வெட்டு வெளிப்பட்டதும் அப்பொழுதுதான். பாதி செதுக்கிக் கைவிட்ட தூண்களும், பிளப்பதற்கு ஆப்பு இறக்கிய துளைவரிசைகளும், தொழிலாளர் குடிசைகளின் சுவர்களும் அங்கே இன்றும் உள. ஆண்டிற்குச் சில மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் அப்பகுதியில், பல ஆண்டுகட்கு ஒருமுறை திடீரெனப் பெருமழை கொட்டும். அப்பொழுது வறண்ட பள்ளங்கள் சில நாழிகைக்குக் காட்டாறுகளாகி, மலையினின்று உதிர்ந்த கற்களையும் உளியின் தடம் பெற்ற ஊதாச் சில்லுகளையும் ஒன்றாய் உருட்டிக்கொண்டுபோய் மலையடியிற் சரளைமேடுகளாகக் குவிக்கும். 60 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஹம்மாமாத்துப் பள்ளத்திற் குவிந்தவையும் இத்தகைய சரளைமேடுகளே.